பூச்சிகளின் பின்னால் போன ஒரு வாத்தியார்



 1915 அக்டோபர் 11 அன்று தெற்கு பிரான்சின் செரிஞான் என்ற சிற்றூரில் ழான் ஆன்றி ஃபாபர் காலமானார். 92 வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி. புத்தகங்களில் அவரைப் பூச்சியியல் அறிஞர் என்று போடுவார்கள். எனக்கு அவர் வாத்தியார்தான். 1842 முதல் 1870 வரை, 28 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்தியவர். அதுவும் என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர். அந்த ஒட்டுறவில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வறுமையான வீடு. சிறு வயதில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றிருக்கிறார். அவிஞ்ஞோன் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேர்வு எழுதி, உதவித்தொகை வாங்கித்தான் படித்தார். பத்தொன்பது வயதுவாக்கில் கார்ப்பந்த்ராஸ் என்ற ஊரில் வேலை. ஆண்டுக்கு 700 பிராங்க் சம்பளம்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தை நான் பலமுறை சக ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். பையன்களுக்கு நில அளவை சொல்லிக்கொடுக்கக் கரட்டு வெளிக்குக் கூட்டிப் போவார். கம்பை நடச் சொல்லி ஒருவனை அனுப்பினால், அவன் பாதி வழியில் குனிவான், நிமிர்வான், எதையோ தேடுவான். இன்னொருவன் அளவைக் குச்சியை மறந்துவிட்டுக் கூழாங்கல்லைப் பொறுக்குவான். என்னடா என்று போய்ப் பார்த்தால், அந்தக் கற்களின் மேல் ஒருவகைத் தேனீ மண்ணால் கூடு கட்டியிருக்கிறது. பையன்கள் வைக்கோல் துரும்பை விட்டு அதன் தேனை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்!

நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் பிரம்பை எடுத்திருப்போம்? அவர் தானும் ஒரு துரும்பை வாங்கி உறிஞ்சிப் பார்த்தார். பிறகு அந்தத் தேனீ எது என்று தெரிந்துகொள்ள, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கினார். உலகமே பின்னாளில் கொண்டாடிய மனிதருக்குப் பூச்சிகளைக் காட்டியது அவருடைய மாணவர்கள். வகுப்பறைக்குள் கரும்பலகையில் நில அளவை நடத்தியிருந்தால் அந்தத் தேனீயை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

வேலை பார்த்துக்கொண்டே கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் வாங்கினார். 1855-இல் முனைவர் பட்டம். கோர்சிகா தீவில் சில ஆண்டுகள், பிறகு அவிஞ்ஞோன் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் போல. டார்வின் தம் எழுத்தில், ஈடற்ற கூர்நோக்காளர் என்று இவரைக் குறிப்பிட்டார். 1865-இல் பட்டுப்புழு நோயை ஆராய வந்த பாஸ்டர், இவர் வீட்டில் ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று கேட்டாராம். கூட்டுப்புழு என்று இவர் சொல்லிக்கொடுத்தார். அடிப்படை தெரியாமலே அந்த நோயைத் தீர்க்கக் கிளம்பிவிட்ட பாஸ்டரின் துணிச்சலை ஃபாபர் வியந்துதான் எழுதியிருக்கிறார். நல்ல வாத்தியாருக்குத் தெரியும், தெரியாது என்று கேட்பவனைக் கேலி செய்யக் கூடாதென்று.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அப்போது கல்வி அமைச்சராக இருந்த விக்தோர் துருயி, பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் தொடங்கினார். அவிஞ்ஞோனில் ஃபாபர் அறிவியல் நடத்தினார். கூட்டம் நிரம்பியது. பெண்களும் வந்தார்கள். பூவில் மகரந்தம் எப்படிச் சேர்கிறது, காய் எப்படி உண்டாகிறது என்று அவர்களுக்கும் விளக்கினார். இளம் பெண்களிடம் இதையெல்லாம் பேசலாமா என்று ஊரில் மதப் பற்றுள்ளோர் கொதித்தார்கள். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர்கள் வயதான இரண்டு சகோதரிகள். வீட்டைக் காலி செய் என்றார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. 1870 வாக்கில், ஓய்வூதியம் என்று எதுவும் கையில் இல்லாமல், மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாகத் தெருவுக்கு வந்தார். அவிஞ்ஞோனில் தங்கியிருந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 3,000 பிராங்க் கடன் கொடுத்துக் காப்பாற்றினார். ஃபாபர் பாடநூல்கள் எழுதிச் சம்பாதித்து அதைத் திருப்பிக் கொடுத்தார்.

பூ காயாவதைச் சொன்னதற்கு இந்தத் தண்டனை.

பிறகு என்ன ஆயிற்று? 1879-இல் செரிஞானில் கல்லும் முள்ளுமான ஒரு தரிசு நிலத்தை வாங்கினார். விளையாத நிலம் என்று ஊரார் ஒதுக்கிய இடம் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் சொர்க்கமாக இருந்தது. 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளில் பூச்சிகளின் வாழ்க்கையை எழுதினார். இறந்ததைக் குத்தி வைத்துப் பெயர் எழுதும் வேலை இல்லை அது. உயிரோடு இருப்பதை அதன் இடத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்த வேலை.

மேடைப் பேச்சாளர்கள் ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் கம்பளிப்பூச்சிகளைப் பூத்தொட்டி விளிம்பில் விட்டாராம், சுற்றிச் சுற்றியே பட்டினியில் செத்தனவாம். செய்தவர் ஃபாபர்தான், 1896-இல். ஏழு நாள் சுற்றியதும் உண்மை. ஆனால் சாகவில்லை. எட்டாம் நாள் கீழே இறங்கிக் கூட்டுக்குப் போய்விட்டன. தன்னம்பிக்கைப் பேச்சுக்காகப் பாவம் அவற்றைக் கொன்றுவிட்டார்கள்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. பரிணாமக் கொள்கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. அப்படியிருந்தும் டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்து, அவர் சொன்ன சோதனையைச் செய்தும் பார்த்தார். சிள்வண்டுக்குக் காது கேட்குமா என்று அறிய மரத்தடியில் வேட்டுக் குழாய் வெடித்தார். பாட்டு நிற்கவில்லை. ஆகவே செவிடு என்று முடிவு கட்டினார். அது தவறு. சிள்வண்டுக்குத் தன் இனத்தின் ஒலி நன்றாகக் கேட்கும். எனக்கு இந்தத் தவறும் பிடிக்கும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே, “சார், அப்போ எப்படிச் சோதிச்சிருக்கணும்?” என்று கேட்பார்கள்.

1910-இல், 86 வயதில், அவருக்கு விழா எடுத்தார்கள். 1913-இல் குடியரசுத் தலைவர் புவன்காரே நேரில் வந்து மரியாதை செய்தார். எல்லாம் சரி. 46 வயதில் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறியபோது அந்த ஊரும் அரசும் எங்கே போயின?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன், தூக்கணாங்குருவிக் கூடு காட்ட. ஒரு பையன் சேற்றில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அவ்வளவுதான். புகார் போனது, விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, பதினான்கு ஆண்டுகள், ஒரு பிள்ளையையும் நான் வெளியே கூட்டிப் போகவில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினேன். என் பணி நிறைவு விழாவில் சால்வை போர்த்தி, இயற்கையை நேசித்த ஆசிரியர் என்று பேசினார்கள். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபாபர் என்றால் தெருவுக்கு வந்தபோதும் நிறுத்தவில்லை. நான் ஒரு மெமோவுக்கு நிறுத்திவிட்டேன்.

அதனால் பெற்றோரிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் அறிவியல் ஆசிரியர் வெளியே கூட்டிப் போகிறேன் என்றால் முதலில் விடுங்கள். முழங்கால் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். அவருக்குச் சால்வையெல்லாம் பிறகு போர்த்திக்கொள்ளலாம்.

போன வாரம் பேத்தி பள்ளியிலிருந்து ஓர் அனுமதிச் சீட்டு கொண்டுவந்தாள். சனிக்கிழமை ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறார்களாம். மகன் யோசித்தான். மருமகள், “மழைக்காலம் மாமா, வேணுமா?” என்றாள். குடையும் மாற்று உடையும் பையில் வைத்துவிடும்மா என்றேன். கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன்.