அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடுமா?

காவிரி, கொள்ளிடக்கரை விவசாயப் பெருமக்களே!

"ஒரு வெள்ளம் வந்தா மணல் தானா வந்துடும்" என்கிறார்கள் குவாரிக்காரர்கள். எங்கிருந்து வரும்? மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து, உருண்டு தேய்ந்து மணலாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அப்படி வந்த மணலையும் 1934 முதல் மேட்டூர் அணை மறித்து நிற்கிறது. பவானியிலும் அமராவதியிலும் அணைதான். வரவு சுருங்கிப்போச்சு, செலவோ லாரி லாரியாக!

ஆற்றில் வெட்டிய குழி வெட்டிய இடத்தோடு நிற்காது. தண்ணீர் குழிக்குள் விழுகிற விளிம்பு அரிந்து அரிந்து மேற்கே ஏறும். மணலைக் குழியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகிற தண்ணீர் கிழக்கேயும் தரையைப் பறிக்கும். படுகை இறங்கினால் நம் வாய்க்கால் தலைமதகு அந்தரத்தில் நிற்கும். கரையோரக் கிணறும் கூடவே இறங்கும். இதை நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம், படித்துத் தெரிய வேண்டியதில்லை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. அணை பழசு என்றார்கள். பழசுதான், யார் இல்லையென்றது? அதன் காலடியில் படுகை எவ்வளவு இறங்கியது, அந்தக் கணக்கு எங்கே?

குவாரி கேட்கும் ஊரிலெல்லாம் முதலில் படுகை மட்டத்தை அளந்து கிராமசபையில் வை! அதுவரை ஒரு லாரியையும் ஆற்றுக்குள் இறங்க விடமாட்டோம்!