பின்னாடி குண்டு... முன்னாடி ஒல்லி!

  

நான் பொறக்கறதுக்கு முன்னாடி, 2001-ல ரிலீஸான 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தை ரூம்மேட்டோட லேப்டாப்ல பத்தாவது தடவையா பார்த்துட்டு இருந்தோம். க்ளைமாக்ஸ்ல அந்தக் கறுப்பு 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர் மூக்கைத் தூக்கிட்டுக் கிளம்பும் பாருங்க... சும்மா ஜிவ்வுனு இருக்கும்! அப்போ பார்த்து ரூம்மேட் கேட்டான். "ஏன் மச்சி, இந்த மாதிரி பழைய அமெரிக்கக் கார்ல எல்லாம் பின்னாடி டயர் மட்டும் ஏன் இவ்ளோ குண்டா இருக்கு?"

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன்கிட்ட இப்படிக் கேட்டா மானப் பிரச்னை இல்லையா? உடனே நோட்டும் பேனாவும் எடுத்தேன். அதுல நான் வாங்கின பல்புதான் இந்த வார மேட்டர்.

முதல்ல ஒரு விஷயம். அந்தக் கார்கள் ஃபேக்டரியில இருந்து அப்படி வரலை. 1969 செவர்லே கமாரோவை எடுத்துக்குங்க. அதுலயே ரேஸ் ரத்தம் ஓடுற இஸட்/28 மாடலுக்குக்கூட நாலு பக்கமும் ஒரே சைஸ்தான்: 15 இன்ச் உயரம், 7 இன்ச் அகலம். பின்னாடி குண்டு வீல், முன்னாடி ஒல்லி வீல் மாட்டுறதை 'ஸ்டேகர்டு'ன்னு சொல்றாங்க. இது காரை வாங்கினவங்க பண்ற வேலை. 1932 மாடல் ஃபோர்டை உரிச்சு ஹாட் ராட் ஆக்கின பசங்க காலத்துலேர்ந்தே அமெரிக்காவுல இந்தப் பழக்கம் உண்டு.

காரணம் சிம்பிள். இந்தக் கார்களுக்கு எஞ்சின் முன்னாடி, உதைக்கிறது பின் சக்கரம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உடனே எடை பின்பக்கம் சாயும். அந்த நேரத்துல வி-8 எஞ்சினோட மொத்த முறுக்கையும் ரோட்டுல இறக்கணும்னா பின் டயர் பிடிச்சு நிக்கணும். இல்லேன்னா புகைதான் வரும், கார் நகராது. முன் சக்கரம் ஸ்டீயரிங்கோட சேர்ந்து திரும்பணும். அதனால அங்கே குண்டு டயருக்கு இடமே இருக்காது.

'அகலமான டயர்னா ரோட்டுல அதிக இடம் தொடும், அதான் பிடிப்பு'ன்னு நானும் நம்பிட்டு இருந்தேன். முழுசா உண்மை இல்லை பாஸ்! டயர் ரோட்டைத் தொடுற பரப்பு, ஏறக்குறைய அது மேல இருக்கிற எடையை உள்ளே இருக்கிற காத்தழுத்தத்தால வகுத்தா வர்றதுதான். அதே எடை, அதே காத்துன்னா பரப்பு பெருசா மாறாது. ஷேப்தான் மாறும். நீளமா இருந்தது குட்டையாகி, அகலமாகும். வளைவுல பிடிக்க இந்த ஷேப் உதவும். சூடும் பரவலா பிரியும், அதனால மெத்துனு இருக்கிற ரப்பரைப் போடலாம். நிஜமான லாபம் அங்கேதான் இருக்கு.

சரி, 1969 கமாரோவுக்கு என்ன மாட்டலாம்? பேப்பர்ல கணக்குப் போட்டேன். முன்னாடி 245/45 ஆர்17, பின்னாடி 275/40 ஆர்17. முதல் நம்பர் மில்லிமீட்டர்ல அகலம். ரெண்டாவது, அந்த அகலத்துல எத்தனை சதவிகிதம் பக்கச் சுவர் உயரம்ங்கிறது. கடைசி, ரிம்மோட விட்டம் இன்ச்ல. பெருக்கிக் கூட்டினா முன் டயர் விட்டம் 652.3 மி.மீ., பின் டயர் 651.8 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அகலம் வேற, உயரம் ஒண்ணு. 2010 மாடல் புது கமாரோ எஸ்.எஸ்-ஸுக்கு ஃபேக்டரியிலயே இதே 245/45, 275/40 ஜோடியை 20 இன்ச் வீல்ல போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சப்ப காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

காலர் இறங்கினது அடுத்த கணக்குலதான்.

வீல் எவ்வளவு உள்ளே உட்காரும், எவ்வளவு வெளியே துருத்தும்னு சொல்ல ரெண்டு அளவு இருக்கு. வீலை ஹப்புல போல்ட் போட்டு முடுக்குற முகத்துலேர்ந்து உள்பக்க விளிம்பு வரைக்கும் உள்ள தூரம் 'பேக்ஸ்பேசிங்'. அதே முகம் வீலோட நடுக்கோட்டுலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது 'ஆஃப்செட்'. நான் எடுத்துக்கிட்டது 9.5 இன்ச் அகல வீல், 5.5 இன்ச் பேக்ஸ்பேசிங். 9.5-ல பாதி 4.75. அப்போ ஆஃப்செட் முக்கால் இன்ச், அதாவது 19 மி.மீ. முடிஞ்சது ஜோலின்னு ஃபைனல் இயர் அண்ணன்கிட்ட பெருமையா காட்டினேன்.

அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். "9.5-ங்கிறது எங்கேர்ந்து எங்கே தம்பி?"

விளிம்புலேர்ந்து விளிம்புக்குன்னு நினைச்சிருந்தேன். இல்லையாம்! டயர் உட்கார்ற ரெண்டு இடத்துக்கு நடுவுலதான் 9.5. அதுக்கு வெளியே ரெண்டு பக்கமும் சுமார் அரை இன்ச் விளிம்பு இருக்கு. மொத்தம் 10.5. பாதி 5.25. சரியான ஆஃப்செட் கால் இன்ச்தான், 6 மி.மீ. சொச்சம். நான் அரை இன்ச் தப்பு பண்ணிட்டேன்!

அரை இன்ச்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. கமாரோவோட பின் சக்கரத்துக்கு உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங் இருக்கு (லாரிக்கு அடியில அடுக்கடுக்கா பட்டை தெரியுமே, அதோட தம்பி). வெளிப்பக்கம் பாடியோட மடிச்ச விளிம்பு. ரெண்டுக்கும் நடுவுலதான் டயர் குடித்தனம் பண்ணணும். இந்த மாதிரி வேலையில டயரோட ரெண்டு பக்கமும் அரை இன்ச் இடைவெளி விடுறது வழக்கம். என் கணக்கு அதை மொத்தமா முழுங்கியிருக்கும். ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் டயரோட பக்கச் சுவர் ஸ்பிரிங்ல உரசும். டயர்லயே மெல்லிசான இடம் அதுதான். ஹைவேயில நூத்துச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்துல அது கிழிஞ்சா? நினைச்சுப் பார்க்கவே கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. இத்தனைக்கும் அது வெறும் பேப்பர் கார்!

அதனால இந்த வேலை தெரிஞ்சவங்க கேட்லாக்கை நம்புறதில்லை. காரோட எடை சக்கரத்து மேல இருக்கிற மாதிரி நிறுத்தி, டேப் எடுத்து அளக்கறாங்க. அதுவும் இடது, வலதுன்னு தனித்தனியா. அந்தக் காலத்துக் கார்கள்ல பின் ஆக்ஸில் நட்டநடுவுல உட்கார்ந்திருக்கும்னு எந்த கேரன்ட்டியும் கிடையாது. ஒரு பக்கம் ஃபிட் ஆகி, இன்னொரு பக்கம் இடிச்சா ஆச்சரியப்படக் கூடாது.

இடம் பத்தலைன்னா என்ன பண்ணுவாங்க? விளிம்பைச் சூடாக்கி உள்பக்கமா மடிச்சு விடலாம். அதுவும் பத்தலைன்னா 'மினி டப்'. உள்பக்கத் தகரத்தை வெட்டி, அகலப்படுத்தி, வெல்டு வைக்கிறது. அப்புறம் 275 என்ன, 300-க்கு மேலயே போகலாம்.

எனக்கு உறுத்துறது இங்கேதான். 1969-ல 2,43,085 கமாரோ செஞ்சாங்க. அதுல முழு அலுமினிய எஞ்சின் வெச்ச இஸட்.எல்.1 வெறும் 69. வெட்டின தகரத்தை ஒட்டலாம், ஃபேக்டரியில வெச்ச வெல்டைத் திரும்ப வைக்க முடியாது. துருப்பிடிச்சு, எஞ்சின் மாறி, ஏற்கெனவே நாலு கை பட்ட சாதா கமாரோன்னா தாராளமா வெட்டுங்க, நானே கிரைண்டர் பிடிக்க வர்றேன். ஆனா, ஒரிஜினல் தகரத்தோட அம்பது வருஷத்துக்கு மேல தப்பிச்சு வந்த கார்ல, நாலு விரல் அகலம் கூடுதல் ரப்பருக்காக கிரைண்டர் வைக்க எனக்கு மனசு வராது. வீலை எப்போ வேணா கழட்டிப் பழசை மாட்டலாமே!

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தக் கார்களுக்கு ஏற்கெனவே தலைக்கனம் (எஞ்சினைச் சொல்றேன்!). பின்னாடி மட்டும் பிடிப்பைக் கூட்டினா, வளைவுல முன்பக்கம் திரும்ப மாட்டேன்னு நேரா போகப் பார்க்கும். வளைஞ்சு வளைஞ்சு ஓட்டணும்னு ஆசைப்படுற சிலர் நாலு பக்கமும் ஒரே அகலம் மாட்டுறது இதனாலதான். முன்ன பின்ன டயரை மாத்தி மாத்திப் போட்டு தேய்மானத்தைச் சரிக்கட்டவும் ஸ்டேகர்டுல வழியில்லை. பின் டயர் தேய்ஞ்சா பர்ஸும் தேயும்.

கணக்கைத் திருத்தின கையோட மெஸ்ல கிடந்த ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி, 652 மி.மீ. விட்டம், 275 மி.மீ. அகலத்துல நிஜ சைஸ்லயே ஒரு டயர் செஞ்சு வராந்தாவுல நிறுத்தினேன். ரூம்மேட் சுத்திச் சுத்திப் பார்த்தான். "இவ்ளோ பெருசா மச்சி?"ன்னு வாயைப் பிளந்தான். மறுநாள் காலையில பார்த்தா, அது மேல அவனோட ஈரத் துண்டு காயுது!