சவரக்கத்திக்கு ஆகாத ஈரம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சலூன்களில் இன்று சவரம் நடப்பது பாதியாக ஒடித்த பிளேடில்தான். பிடி பழைய சவரக்கத்தி மாதிரியே மடங்கும். செருகிய பிளேடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு பரவிய விழிப்புணர்வு, ஒரே கத்தியை எல்லார் முகத்திலும் வைக்கிற வழக்கத்தை ஓரங்கட்டியது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் கத்தியோடு சாணைக்கல்லும் தோல்வாரும் கடையை விட்டுப் போயின. கத்தியைப் பேணும் பக்குவமும் கைமாறாமல் நின்றது. தாத்தா காலத்துக் கத்திகள் டிரங்குப் பெட்டியில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை இன்னமும் காப்பாற்றலாம்.

கூர் நிற்பதற்காகச் சவரக்கத்தி எஃகில் ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன் சேர்ப்பார்கள். துருவைத் தடுப்பது குரோமியம். அது பத்தரை சதவீதமாவது இருந்தால்தான் எவர்சில்வர் ரகத்தில் சேரும். பழைய சோலிங்கன், ஷெஃபீல்டு கத்திகள் பெரும்பாலும் அந்த ரகமல்ல. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பில் அரிப்பு வேகமெடுக்கும். சென்னையில் அதற்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதுகில் விழுந்த துருப்புள்ளி வெறும் கறை. அதே புள்ளி வாயில் விழுந்தால் பல்லாகிக் கன்னத்தை இழுக்கும்.

இந்தக் கவலை இருநூறு ஆண்டுப் பழையது, நம் மண்ணோடும் தொடர்புடையது. லண்டனில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பிய எஃகைவிட இந்திய உருக்கே மேல் என்று விளம்பரம் செய்தவர். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று எஃகில் கலந்து பார்த்து 1820இல் ஆய்வை வெளியிட்டார்கள். கூரும் நிற்க வேண்டும், துருவும் எளிதில் பிடிக்கக் கூடாது என்பதே அவர்கள் தேடல். துருவேறாத எஃகு ஹாரி பிரேர்லியின் கையால் ஷெஃபீல்டில் வர 1913 ஆயிற்று.

சவரம் முடிந்ததும் நுரையைத் துண்டில் துடைத்துவிட்டு அப்படியே மடக்கி வைப்பதில்தான் கேடு தொடங்குகிறது. கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பிடியின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே, ஆணியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் தெரியும். துணி எட்டாத இடுக்கு அது. டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாக மடித்து உள்ளே விட்டு இழுத்தால் தேங்கிய ஈரம் காகிதத்தில் ஏறிவரும். அலகைத் துடைக்கும்போது கை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் போக வேண்டும். பிறகு சிறிது நேரம் மின்விசிறிக் காற்றில் திறந்தே வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை அலகு முழுக்கத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்கு வாடை அடித்து அமிலமாகும். படிகாரத் தண்ணீரும் அமிலம்தான்; பட்டால் உடனே அலச வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலை அண்டவே விடக் கூடாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் அன்றாடம். கடைந்த பாகத்தை வியர்த்த கையால் தொட்டால் கைரேகையே துருவாக எழும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அந்தப் பேட்டைக்குள் புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பின் ஈரத்தோடும் துருவோடும்தான் போராட்டம். பாகங்களை அனுப்புமுன் துருத்தடுப்பு எண்ணெய் பூசுவதும், துருவைத் தடுக்கும் ஆவியை விடுகிற காகிதத்தில் சுற்றுவதும் அங்கே வழக்கம். அந்தக் காகிதத்தில் ஒரு துண்டு சவரக்கத்திப் பெட்டிக்குள் கிடந்தால் மழைக்காலத்துக்கு நல்ல காவல். தோலுறை பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

ஏற்கெனவே துருப்பிடித்த கத்திக்கு அவசரம் ஆகாது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மேலாகப் படிந்த செந்துருவைப் பிராசோவாலோ 2000 எண் எமரித் தாளாலோ மெல்லத் தேய்த்தெடுக்கலாம். அலகில் தங்கப்பூச்சு எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் பிராசோ போகக் கூடாது, எழுத்து அழிந்துவிடும். தெருவில் வரும் சாணைச் சக்கரம் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சரி. சவரக்கத்தியின் மெல்லிய வாய் அதில் நொடியில் சூடேறி நீலம் பாயும். பதம் போன எஃகில் பிறகு கூர் நிற்காது. வாயில் குழி விழுந்திருந்தால், தண்ணீர் விட்ட கல்லில் கையால், குழி மறையும்வரை பொறுமையாகத் தீட்ட வேண்டும். தீட்டியும் மறையாத குழி என்றால் கத்திக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைக்கலாம். கன்னத்தில் வைக்கக் கூடாது.