வலுமானி வாங்குமுன்

மாத்தளையில் சைக்கிளோட்டப் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர், எந்த வலுமானியை வாங்கலாம் என்று அண்மையில் என்னிடம் கேட்டார். சிறிய கேள்விதான்; ஆனால் அவர் செலவிடவிருந்த பணம் அவருக்குச் சிறியதன்று. 2022இல் ரூபாய் சரிந்தபின், டொலரில் விலை சொல்லப்படும் எப்பொருளும் நமக்குப் பெருஞ்சுமையே.

மிதிப்பவரின் உழைப்பை வாற்றுக் கணக்கில் (தமிழகத்தார் வாட் என்பர்) காட்டுவது வலுமானி. 1986இல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இத்துறையின் முன்னோடி. மிதிக்கும்போது உலோகத்தில் ஏற்படும் நுண்ணிய வளைவை அளந்து, சுழலும் வேகத்துடன் சேர்த்து இது கணக்கிடுகிறது. இதயத் துடிப்பு தாமதித்தே ஏறும். வேகமோ காற்றாலும் ஏற்றத்தாலும் மாறும். வலு அந்தக் கணத்து உழைப்பைச் சொல்லும். அதன் பயனை நான் மறுக்கவில்லை.

மலிவானவை பெரும்பாலும் இடக்காலை மட்டும் அளந்து இரட்டிப்பவை. உண்மையான 200 வாற்றில் இடக்கால் 96 தந்தால், கருவி 192 என்றே காட்டும். தன்னைத் தன்னோடு மட்டும் ஒப்பிடுபவருக்கு இது பெருங்குறையன்று. ஆயினும் களைப்பில் கால்களின் பங்கு மாறக்கூடும். இரு மிதிகளிலும் பொருத்துபவை இரு கால்களையும் அளக்கும், வேறு சைக்கிளுக்கும் மாற்றலாம், விலை அதிகம். மாத்தளையின் வெக்கையிலிருந்து றிவஸ்டனின் குளிர்காற்றுக்கு ஏறுபவர், வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் கருவியையே தேடவேண்டும். புறப்படுமுன் ஒவ்வொரு நாளும் பூச்சியத்தைச் சரிபார்ப்பதும் அவசியம்.

ஆனால் நம் மாவட்டத்தில் விலையில்லாத வலுமானி ஒன்று உண்டு. இறத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் நோக்கிச் செல்லும் ஏற்றமே அது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்க. 300 மீற்றர் உயரத்தை 30 நிமிடத்தில் ஏற ஏறத்தாழ 122 வாற்று வேண்டும். 25 நிமிடத்தில் ஏற 147. காற்றின் தடையும் டயரின் உராய்வும் இதற்கு மேலதிகம். செங்குத்தான ஏற்றத்தில் அவற்றின் பங்கு குறைவு என்பதால், காற்று அடங்கிய காலையில் ஒரு கைக்கடிகாரமும் நிறுவையும் போதும், முன்னேற்றம் தெரிந்துவிடும்.

ஆகவே அவருக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் நல்ல டயர், நல்ல பிரேக், தலைக்கவசம். ஏறிய மலையிலிருந்து இறங்கவும் வேண்டுமல்லவா? மூன்று மாதம் ஒரே ஏற்றத்தில் நேரத்தைக் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதி முடிப்பவருக்கே வலுமானி பயன்படும். முடியாதவருக்கு அது கைப்பிடியில் மின்னும் மற்றோர் எண் மட்டுமே.