பூட்டிய அறைக்குள் தமிழன் வரலாறு!

ஓர் இனத்தின் வரலாறு அவ்வினத்து மக்களின் கண்முன் இருத்தல் வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் அடைபட்டு, கற்றோர் சிலர் மட்டுமே கண்டு மீளும் நிலையில் அஃது இருக்குமாயின், காக்கப்பட்டது பொருளேயன்றி வரலாறன்று.

சேலத்து மண் இரும்பின் மண். கஞ்சமலையின் இரும்புக் கல்லை உலையிலிட்டு உருக்கியவர் இம்மண்ணின் உழைப்பாளரே. மேட்டூரை அடுத்த மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது எனத் தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ கூறுகின்றது. 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஆங்கிலேயரும் சேலத்து இரும்புக் கல்லையே நாடினர். ஆயினும், சேலம் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் வந்திறங்கும் பல்லாயிரவருள் இதனை அறிந்தோர் எத்துணைப் பேர்? அறியாமை அவர்தம் குற்றமன்று; அறிவிக்காதார் குற்றம்!

நாமக்கல்லிலும் இதுவே நிலை. ஊர் நடுவே நிற்கும் மலையில் அதியர் மரபினர் குடைவித்த குடைவரைகள் உள்ளன. அவற்றைக் கண்டு வணங்குவோர் பலர். குடைவித்தோரை அறிவோர் சிலர்.

இதற்கு வழி என்ன? அருங்காட்சியகத்திற்கு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்கள் கூடும் இடத்திற்கு அருங்காட்சியகம் செல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் ‘இசுகான்சென்’ என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891இலேயே தொடங்கப்பெற்றது. பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து நிறுத்தி, கைத்தொழில்களை மக்கள் கண்முன் செய்து காட்டினர். தமிழகத்தில் 2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகம், தம் முன்னோரைக் காண எளிய மக்களுக்கும் வேட்கை உண்டு என்பதை மெய்ப்பித்தது.

சேலம், நாமக்கல் பேருந்து நிலையங்களிலும் பூங்காக்களிலும் சந்தைத் திடல்களிலும் பழைய இரும்புலையின் மாதிரியை அமைக்கலாம். சிறுவர் துருத்தியைத் தம் கையால் அழுத்திப் பார்க்கட்டும். நடுகல்லைப் போலச் செய்த கல்லின்மேல் தாளை ஒற்றி, எழுத்தைத் தாமே படியெடுக்கட்டும். முதற்பொருள்கள் அருங்காட்சியகத்தில் காவலுடன் இருக்க, அவற்றின் மாதிரிகள் வெயிலுக்கு வரலாம். பல்லாயிரம் கைகள் தொட்டாலும் கேடில்லை.

விளக்கங்கள் நல்ல தமிழில் முதலிடம் பெறல் வேண்டும். உலை, துருத்தி, குறடு, சம்மட்டி, பட்டடை எனக் கொல்லர் வழங்கும் சொற்களே போதும். அச்சொற்கள் மறைந்தால் அத்தொழிலின் அறிவும் உடன் மறையும்.

அரசியல் தலைவர்தம் வளைவுகளுக்கும் வெட்டுருக்களுக்கும் தெருவெல்லாம் இடம் தரும் நகரங்கள், முன்னோரின் உலைக்கு ஒரு மூலை தர மாட்டாவா? சேலம், நாமக்கல் மாநகராட்சிகள் இப்பணியை உடனே தொடங்குக! தமிழாசிரியரும் தமிழ் அமைப்பினரும் இதனை ஊர்தோறும் வலியுறுத்துக! இரும்பை உருக்கியவரின் வழிவந்தோர், தம் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்டு வாழ்ந்தது போதும்!