மனப்பாடமும் காரணமும்



சென்ற மாதம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பன்னிரண்டு வயதான அவருடைய மகன் முகம் வாடி அமர்ந்திருந்தான். சதுரங்கப் போட்டியின் முதற்சுற்றிலேயே தோல்வி! "மாதக்கணக்கில் கணினியின் முன் அமர்ந்து இருபது நகர்த்தல்களை மனப்பாடம் செய்தான், நான்காவதிலேயே தடுமாறிவிட்டான்" என்று சினந்துகொண்டார் தந்தை. குற்றம் யாருடையது?

அவன் கற்றிருந்தது 'ரூய் லோபெஸ்' என்னும் தொடக்கம். 1561-ஆம் ஆண்டில் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பெயின் நாட்டுக் குருவானவரின் பெயரே அது. இரு தரப்பும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றுகின்றன. வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை அதற்குக் காவலாக வருகிறது. உடனே வெள்ளையின் பிஷப் அக்காவற்குதிரையைக் குறிவைக்கிறது. ஓரச் சிப்பாயை நகர்த்திப் பிஷப்பை விரட்டுவதே கறுப்பின் வழக்கமான பதில். சிறுவன் கற்றது அந்த ஒரு வழியையே. எதிராளியோ குதிரையைப் பலகையின் நடுவுக்குத் தாவவிட்டான். அறியாத வழியைக் கண்டு சிறுவன் திகைத்துப் போனான்.

இதற்காக மென்பொருளைப் பழிப்பது முறையன்று. நாம் தெரிந்தெடுக்கும் தொடக்கங்களை அது கிளை கிளையாகச் சேமித்து வைக்கிறது. பின்னர் எதிராளியின் இடத்திலிருந்து வினவுகிறது. சரியான விடைக்கு அடுத்த வினா சில நாள் கழித்து வரும்; அதன்பின் சில வாரம் கழித்து வரும். தவறினால் விரைவிலேயே திரும்பும். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். இடைவெளிவிட்டு நினைவூட்டும் இம்முறை அதற்கேற்ற மருந்தே.

ஆயினும், 'எது சரி' என்று வினவும் இம்மென்பொருள் பெரும்பாலும் 'ஏன் சரி' என்று வினவுவதில்லை. 2024-இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷ், நகர்த்தல்களைக் கணித்துரைக்கும் கணினியை நாடாமலே பயின்று 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்பது சிந்திக்கத் தக்கது.

நாம் சிறுவனை அருகில் அழைத்தோம். "தம்பி, கறுப்பு ஓரச் சிப்பாயை நகர்த்தியதும் பிஷப்பால் காவற்குதிரையை வெட்டிவிட்டு, காவலிழந்த சிப்பாயை நம் குதிரையால் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டோம். மனப்பாடத்தில் அதற்கு விடை இல்லை. பலகையை விரித்துக் காய்களை அடுக்கி நெடுநேரம் நோக்கினான். திடீரென அவன் கண்கள் மலர்ந்தன. "பிஷப்பைச் சிப்பாயால் வெட்டும்போது கறுப்பு ராணிக்கு வழி திறக்கிறது! அது நடுவுக்கு வந்து நம் குதிரையையும் சிப்பாயையும் ஒருங்கே தாக்கும். இழந்த சிப்பாயை மீட்டுக்கொள்ளும்!" என்றான். தந்தையும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்.

பெற்றோரே, கிளைகள் சிலவே போதும். ஒவ்வொரு நகர்த்தலின் அருகிலும் அதன் காரணத்தைப் பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் எழுதி வைக்கட்டும். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாதிருக்கலாம், ஆனால் "ஏன் கண்ணே, இந்தக் காயை இங்கே வைத்தாய்?" என்று கேட்கத் தெரியுமன்றோ? அக்கேள்வியைக் கேட்க நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எதிராளி புதுவழி செல்லும் நாளில் பிள்ளைக்குக் கைகொடுப்பது அதுவே.