நடு சீட் யாருக்கு?

குட்டி யானை என்கிற சிறு லோடு வண்டியின் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை இரண்டு என்றுதான் போட்டிருக்கும். டிரைவர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், அவ்வளவே. முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரம் பக்கம் நின்று, லோடு ஏற்றிக் கிளம்பும் வண்டிகளின் கண்ணாடி வழியே எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். டிரைவர், பூவுக்குக் காசு கொடுத்தவர், பந்தல்காரரின் ஆள் என்று மூன்று தலை தெரியும். சில வண்டிகளில் நான்காவதாக ஒரு தோள்பட்டை மட்டும் கதவுக்கு வெளியே தெரியும்.

நடுவில் இருப்பவரின் பாடுதான் பெரும்பாடு. அவருக்குச் சீட்டே கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் மடித்துப் போட்ட கோணிப்பைதான் ஆசனம். முன்னால் கியர் ராடு, பக்கத்தில் ஹேண்ட் பிரேக். இரண்டாவது கியரும் நான்காவது கியரும் பின்னால் விழும். ஒவ்வொரு முறையும் டிரைவரின் கை அவர் முழங்காலை இடிக்கும், அவர் காலை ஒடுக்கிக்கொள்வார். ஓரிக்கை தாண்டி உத்திரமேரூர் சாலையில் பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் இருவருக்கும் ஒரு தாளம் அமைந்துவிடும். கிளட்சை மிதித்தாலே கால் தானாக விலகும். பெல்ட் என்ற பேச்சே அங்கே கிடையாது. மாட்டுவதற்குக் கொக்கி இருந்தால்தானே?

பிக்கப் வண்டிக்குப் பேர்போன அமெரிக்காவில் இதே நடு இடத்தைப் பற்றிய கவலை வேறு மாதிரி. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் போன்ற வண்டிகளின் விலை குறைந்த மாடல்களில் முன்சீட் மூன்று துண்டாக வரும். டிரைவருக்கு நாற்பது பங்கு, நடுவில் இருபது, அந்தப் பக்கம் நாற்பது. கியர் ஸ்டீயரிங் தண்டிலோ டேஷ்போர்டிலோ இருப்பதால் நடுவில் உட்காருகிறவரின் காலுக்குத் தடையில்லை. ஆள் இல்லாதபோது நடுத்துண்டின் முதுகை முன்னால் மடித்தால் கை வைக்கும் திண்டாகிவிடும். டம்ளர் வைக்கும் குழியும் அதிலேயே இருக்கும். ஆனால் தனியாகவே ஓட்டுகிறவர்கள் பலருக்கு அது போதவில்லை. நடு சீட்டைக் கழற்றிவிட்டு, விலை கூடிய மாடலில் வரும் ஆழமான பெட்டியை, அவர்கள் சொல்லும் சென்டர் கன்சோலை, வண்டி உடைக்கும் யார்டில் தேடி வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்.

பார்வைக்கு நாலு போல்ட் வேலை. உள்ளே கை வைத்தால்தான் சங்கதி தெரியும். நடு சீட்டோடு அதன் பெல்ட் கொக்கியும் சேர்ந்து வரும். பக்கத்து சீட்டுகளின் அடியில் ஏர்பேக் வயர்கள் ஓடும். மஞ்சள் நிறக் கனெக்டர் என்றால் அது ஏர்பேக் வயர் என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குப் பாலபாடம். பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். இல்லையென்றால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்; மோசமாகப் போனால் பையே வெடித்து விரியும். புதிய பெட்டியின் கால்களுக்குத் தரையில் துளை பொருந்துகிறதா என்பது அடுத்த தலைவலி. தரை கியர் வண்டியிலிருந்து எடுத்த பெட்டியானால் கியர் வரும் ஓட்டையை மூட ஏதாவது தேட வேண்டும். இத்தனையும் முடிந்தால் மடிக்கணினி கொள்ளும் அளவுக்கு ஒரு குழி, இரண்டு காபி டம்ளருக்கு இடம். இழப்பு ஒரே ஒரு ஆளின் இடம். அந்த ஆள் அவர்கள் வண்டியில் எப்போதாவதுதான் ஏறுகிறார் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

முன்சீட்டில் மூன்று பேர் என்பது நமக்கும் பழகிய ஒன்றுதான். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்சீட் ஒரே நீளப் பலகை மாதிரி இருக்கும். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே. கல்யாண வீட்டு அம்பாசடரில் முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிகளில் குழந்தைகள், டிக்கியில் சீர்வரிசைத் தட்டுகள் என்று போன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதே முன்சீட் இரண்டாகப் பிரிந்து கியர் தரைக்கு இறங்கிவிட்டது. தொண்ணூறுகளில் இசுஸு இன்ஜினோடு வந்த அம்பாசடரும் அந்த வழிக்கே போனது. அமெரிக்காவிலும் கார்களைப் பொறுத்தவரை நீளச் சீட்டின் கதை 2013 செவர்லே இம்பாலாவோடு முடிந்தது. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே 2014 மே மாதம் நின்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இந்த மாற்றத்தில் நேரடிப் பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்கள் தயாராகும் ஆலை இருக்கிறது. பாரத்பென்ஸ் லாரிகளும் 2012 முதல் அங்கேதான் உருவாகின்றன. கப்பலேறும் கார்களுக்கு டம்ளர் குழியும் கை வைக்கும் திண்டும் அச்சுப் பிசகாமல் வைத்து அனுப்புகிற அதே மாவட்டத்தில், டிஎன்-21 என்று நம்பர் போட்ட லோடு வண்டியின் டிரைவர் தன் செல்போனைக் கண்ணாடி ஓரம் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து ஓட்டுகிறார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். ஊருக்குள் ஓடும் குட்டி யானையும் சிறு பிக்கப்பும் அந்தக் கணக்கில் வரவில்லை. இருக்கும் காற்றையும் நடு ஆளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, அந்த நடு ஆள் யார்? காஞ்சியில் அவர் பெரும்பாலும் சும்மா தொற்றிக்கொண்டு வந்தவராக இருக்கமாட்டார். இந்த ஊரின் தலையாய சரக்குக்கு எடை குறைவு, விலை அதிகம். பட்டு நூல் பெங்களூரு பக்கமிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்தும் உள்ளூர் அரசு ஆலையிலிருந்தும் வருகிறது. பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் ஜரிகை. வெள்ளி விலை ஏறினால் அந்தச் சின்னப் பெட்டியின் விலையும் ஏறும். அதைப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் போட்டுவிட்டு யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். பெட்டி கேபினில்தான் வரும், கூடவே ஒரு நம்பிக்கையான ஆளும் வருவார். அச்சுமரம், பாவு உருளை போன்ற தறிச் சாமான்கள் பின்னால் போகும்; அவற்றை இறக்கிப் பூட்டத் தெரிந்தவர் முன்னால் ஏறுவார். பிள்ளையார்பாளையம் தெருக்களில் காலையில் பாவு நீட்டியிருந்தால் வண்டி காத்துக்கிடக்க வேண்டும். அப்போது இறங்கிப் போய், இன்னும் எத்தனை நேரம் என்று விசாரித்து வருகிறவரும் அவரே. பூ லோடு, மளிகை லோடு, சமையல் பாத்திர லோடு எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் உண்டு.

சட்டமும் இந்த ஆளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவில் 1994இல் ஒரு திருத்தம் வந்தது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்து அனுப்பிய பிரதிநிதியோ பயணம் செய்தால், கட்டாயக் காப்பீடு அவருக்கும் உண்டு என்பது அதன் சாரம். ‘போகிற வழிதானே, ஏறிக்கோ’ என்று ஏற்றிய இலவசப் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஜரிகைப் பெட்டியை மடியில் வைத்து வருகிறவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் இரண்டு இருக்கை என்று எழுதிய வண்டியில் மூன்றாவதாக, கோணிப்பைமேல் அவர் உட்கார்ந்திருந்தால், விபத்துக்குப் பிறகு அந்த உரிமையை நிலைநாட்டக் கோர்ட் வாசலில் எத்தனை வருடம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அவர் குடும்பம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில் பெட்டி பொருத்தும் யோசனை இந்த ஊர் டிரைவர்களுக்கும் வராமல் இல்லை. குஷன் கடையில் சொன்னால் பிளைவுட் அடித்து, ரெக்சின் போர்த்தி, மேலே ஸ்பாஞ்ச் வைத்து ஒரு பெட்டி செய்துகொடுப்பார்கள். தண்ணீர் பாட்டில், பில் கட்டு, சில்லறை, சார்ஜர், குமரகோட்டத்து விபூதிப் பொட்டலம், ஒரு துண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். இதில் டிரைவரின் வசதியைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. தரையில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால், அந்த ஒரு நொடியில் காலுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். பாட்டிலுக்கு நிலையான இடம் வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பாஞ்ச் வைத்த மூடியைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு அது சீட்டாகத்தான் தெரியும். அமெரிக்காவில் சீட்டை எடுத்துப் பெட்டி வைக்கிறார்கள். இங்கே பெட்டி வைத்தால் அதுவே சீட்டாகிவிடுகிறது. கோணிப்பையில் உட்கார்ந்தவர் இப்போது அரை அடி உயரத்தில், தலை கூரையில் இடிக்க, டிரைவரின் இடப்பக்கக் கண்ணாடியையும் மறைத்துக்கொண்டு உட்காருவார். தரையில் போல்ட் போடாத பெட்டியானால் திடீர் பிரேக்கில் ஆளும் பெட்டியும் சேர்ந்தே முன்னால் போவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நடு வழியில் வண்டி நின்றால் சீட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். குறுக்கே நிரந்தரமாக ஒரு பெட்டியை அடித்து வைத்துவிட்டால் முதலில் தச்சரைத் தேட வேண்டிவரும்.

மூன்று இருக்கை என்று பதிவான வண்டியில் ஒன்றைக் கழற்றிப் பெட்டி வைப்பது இன்னும் வில்லங்கம். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணான மாற்றத்தை ஏற்க முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அடித்துச் சொன்னது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் உள்ள விவரம் என்பதை மறந்துவிட்டு எஃப்.சி.க்குப் போனால், பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்த உடனே நினைவூட்டுவார்.

பணம் உள்ளவருக்கு வழி சுலபம். 2016இல் வந்த இசுஸு வி-கிராஸ், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டிலும் முன்னால் இரண்டு சீட், நடுவில் கம்பெனியே வைத்த பெட்டி, பின்னால் இன்னும் மூன்று பேருக்கு இடம். பூ மூட்டை ஏற்ற யாரும் அவற்றை வாங்குவதில்லை. மஹிந்திரா 2022இல் இறக்கிய பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் டிரைவரைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம் என்று முறையான சான்றோடு விற்கிறார்கள். காஞ்சி மாதிரி ஊருக்கு ஏற்ற வண்டி இந்த வகைதான். மூன்றாம் ஆள் இங்கே தொழிலின் ஒரு பகுதி. அவரை இறக்கிவிட்டு வண்டி ஓட்டலாம் என்று யோசனை சொல்வது சுலபம், நடக்காது. அவருக்கான இடத்தைக் காகிதத்திலும் கேபினிலும் சேர்த்துக் கொடுப்பதுதான் நடக்கிற காரியம். இரண்டு இருக்கை வண்டியை வைத்திருப்பவர்கள் சந்தில் ஒரு சின்னத் தட்டு வைத்துக்கொள்ளட்டும். ஸ்பாஞ்ச் வேண்டாம். கியர் ராடுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் கை தாராளமாகப் போகிற உயரத்தில், கழற்றி எடுக்கிற மாதிரி, உட்கார முடியாத வடிவத்தில் இருந்தால் போதும்.

புது வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் மைலேஜையும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதையும் கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். ஆர்.சி.யில் இருக்கை எத்தனை என்று வரும், நடு ஆளுக்கு பெல்ட் உண்டா என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். உங்கள் ஜரிகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய், அந்த இடத்தில் ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள்.